விசிறிக்குப் பேச்சு

பூந்தமல்லிக்காரனுக்குத் திருக்கச்சி நம்பியைத் தெரியாமல் இருக்காது. எங்கள் வரதராஜப் பெருமாள் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதி உண்டு. மாசி மிருகசீரிடம் அவர் திருநட்சத்திரம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் வைசியக் குடும்பத்தில் பிறந்தவர். பாகப்பிரிவினையில் வந்ததைப் பூந்தோட்டத்தில் போட்டார். பூவை மாலையாகக் கட்டிக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோய் வரதராஜருக்குச் சாற்றினார், ஆலவட்டம் என்கிற விசிறியை வீசிக்கொண்டு நின்றார். வீசும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்பது ஐதிகம். ராமானுஜருக்கு மனசில் சில சந்தேகங்கள் வந்தபோது நம்பியைத்தான் கேட்டுவரச் சொன்னார். பெருமாள் ஆறு வார்த்தை சொல்லி அனுப்பினார். பகவானுக்கும் ராமானுஜருக்கும் நடுவில் எங்கள் ஊர்க்காரர் துபாஷி வேலை பார்த்திருக்கிறார்.

உபந்நியாசத்தில் இதுவரைக்கும் எல்லாரும் சந்தோஷமாகக் கேட்பார்கள். எனக்கு இதற்கு அடுத்த துண்டுதான் பிடிக்கும். தனக்கு மோட்சம் உண்டா என்று நம்பி ஒரு நாள் கேட்டாராம். பெருமாள் கையை விரித்துவிட்டார். நீ வீசினாய், அதற்கு நான் பேசினேன், கொடுக்கல் வாங்கல் தீர்ந்தது, இதில் மோட்சம் எங்கே வந்தது என்றாராம். முதலில் ஓர் அடியாருக்கு ஊழியம் செய்துவிட்டு வா என்றும் சொன்னாராம். நம்பி திருக்கோஷ்டியூருக்குப் போனார். தான் யாரென்று சொல்லிக்கொள்ளாமல், அங்கிருந்த ஆசாரியர் திருக்கோஷ்டியூர் நம்பி வீட்டில் மாடு மேய்த்தார். தினம் கடவுளோடு பேசின வாய், மாட்டை ஓட்டப் போனது.

ஐம்பத்தாறு வயதில் ஸ்வாஹிலி படித்துக்கொண்டிருக்கிற எனக்கு இந்தக் கணக்கு நெஞ்சில் இடித்துக்கொண்டே இருக்கிறது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் ஆள். பிரஸ் ஷாப்பில் ஹெல்பராக நுழைந்து, டை செட்டராகி, இப்போது டூல் ரூம் சூப்பர்வைசர். எங்கள் முதலாளி இரண்டு பவர் பிரஸ்களைத் தான்சானியாவில் தார் எஸ் ஸலாம் ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு விற்றிருக்கிறார். கூடவே நானும் போய், மெஷினை இறக்கி, லெவல் பார்த்து, டை மாட்டி, அங்கே உள்ள பையன்களுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஆபீசில் கொடுத்த பட்டியலில் பாஸ்போர்ட், விசா, ஊசி, இன்ஷூரன்ஸ் எல்லாம் இருந்தது. மொழி இல்லை. கேட்டதற்கு, "அங்க ஒருத்தரைப் போட்ருவாங்க சார். நீங்க இங்கிலீஷ்ல சொன்னா அவரு மாத்திச் சொல்லிடுவாரு" என்றார்கள்.

பிரஸ் ஷாப்பில் நின்றவன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். பெடலை மிதித்தால் ராம், அதாவது மேலிருந்து அடிக்கிற பாகம், கீழே வந்து மேலே போக ஒரு விநாடிகூட வேண்டாம். பீஸ் டையில் கோணலாக உட்கார்ந்துவிட்டது, பையன் அதைச் சரிபண்ண விரலை விடுகிறான், கால் பெடல்மேல் இருக்கிறது. இந்த இடத்தில் நான் இங்கிலீஷில் சொல்லி, இன்னொருவர் அதை மாற்றிச் சொல்லி, அவன் அதைக் கேட்டு... எஸ்டேட்டில் பழைய பிரஸ் ஆட்களோடு கை குலுக்கினாலே அவர்கள் என்ன வேலை பார்த்தவர்கள் என்று தெரியும். துபாஷி வைத்துக்கொள்ளப் பெருமாளுக்கு நேரம் உண்டு, ராமுக்குக் கிடையாது.

அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். ஸிமாமா, நில். ஸுபிரி, பொறு. ஹதாரி, ஆபத்து. போலெபோலெ, மெதுவாக. பாடோ, இன்னும் இல்லை. தோவா ம்கோனோ, கையை எடு. தயாரி என்றால் தயார்தான். இதைச் சொன்னதும் ஷாப்பில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். வண்டி அங்கே காரி, டீ சாய், லட்சம் லாகி. ஷேர் ஆட்டோ மாதிரி ஓடுகிற மூன்று சக்கரத்துக்கு பஜாஜி என்றே பெயர். நேரம்தான் குழப்பியது. அவர்கள் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். காலை எட்டு மணி ஷிஃப்ட் என்றால் இரண்டு மணி ஷிஃப்ட். நாழிகைக் கணக்கு பார்த்த என் தாத்தாவிடம் சொல்லியிருந்தால் இதில் என்ன அதிசயம் என்று கேட்டிருப்பார்.

சொல்லிக் கொடுக்கிறவன் ஒரு தம்பி. இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் படிக்கிறான், தான்சானியாவின் கடற்கரை ஊரான தாங்காவிலிருந்து வந்தவன். கரையான்சாவடியில் நண்பர்களோடு அறை எடுத்திருக்கிறான். அந்த அறை கிடைப்பதற்கு முன்னால், போன இடங்களில் கேட்டைத் திறக்காமலே பதில் சொல்லி அனுப்பினார்கள் என்பதைப் பேச்சுவாக்கில் ஒரு தரம் சொன்னான், அதற்குமேல் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவான். நான் 'தம்பி' என்பேன், அவன் 'அங்கிள்' என்பான். அவனுக்குக் கொஞ்சம் தமிழ், எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ், சாம்பார் சாதம் பொது.

எனக்குத் தெரிந்த படிப்பு முறை ஒன்றுதான். சனிக்கிழமை கோயிலில் திவ்யப் பிரபந்தம் சொல்கிற கோஷ்டியில் நிற்கிறவன் நான். பிரபந்தம் கற்றது சந்தை முறையில்: ஆசிரியர் ஒரு தரம் சொல்வார், நாம் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். புத்தகம் கிடையாது, அர்த்தம் அப்புறம். தம்பியிடமும் அப்படியே கேட்டேன். அவன் ஆச்சரியப்படுவான் என்று பார்த்தால், சின்ன வயசில் மதரஸாவில் குர்ஆன் ஓதியது இப்படித்தான் என்று உட்கார்ந்த இடத்திலேயே லேசாக ஆடிக் காட்டினான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் ஸ்வாஹிலி சந்தை நடக்கிறது.

இதில் என் சம்சாரத்துக்கு உடன்பாடு இல்லை. அரசாங்கம் 2021-இல் 'அன்னைத் தமிழில் அர்ச்சனை' என்று கோயில்களில் பலகை வைத்ததிலிருந்து அவள் தமிழில்தான் அர்ச்சனை செய்யச் சொல்வாள். புரியாமல் போற்றுவதில் என்ன போற்றுதல் என்பது அவள் கட்சி. "அர்த்தம் தெரியாம நீங்க பாட்டுக்கு ரெண்டு தரம் சொல்றீங்களே, கிளி சொல்லாதா?" என்றாள். கோஷ்டியில் எனக்கு முன்னால் நிற்கும் ஸ்வாமி ஓய்வு பெற்ற சமஸ்கிருத ஆசிரியர். அவரிடம் இதைச் சொன்னேன். "உம்ம ஆத்துக்காரிக்கு வேதத்திலேயே துணை இருக்கு ஓய்" என்று சிரித்தார். கௌத்ஸர் என்று ஒருவர், மந்திரங்களுக்கு அர்த்தமே கிடையாது, சொல்வது மட்டும்தான் காரியம் என்று வாதம் செய்திருக்கிறாராம். வேதச் சொற்களுக்கு அர்த்தம் சொல்லும் நிருக்தத்தில் யாஸ்கர் அதை எடுத்துவைத்துப் பதில் சொல்லியிருக்கிறாராம்; என் சம்சாரத்துக்குத் துணை அவர்தான். அர்த்தம் இல்லாவிட்டால் நிருக்தம் எழுதின யாஸ்கருக்கு வேலை ஏது.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வேத வாக்கியங்களுக்குப் பொருள் ஆராய்கிற மீமாம்சகர்களில் பிரபாகரர் கட்சிக்காரர்கள், குழந்தை எப்படி மொழியைப் பிடிக்கிறது என்று கேட்டுக்கொண்டார்களாம். வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பார்த்து, பசுவைக் கொண்டு வா என்கிறார். அவர் போய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு, பசுவைக் கட்டு என்கிறார். குதிரையைக் கொண்டு வா என்கிறார். எது மாறுகிறது, எது மாறவில்லை என்று குழந்தை கவனித்துக் கவனித்துச் சொல்லைப் பிரித்துக்கொள்கிறது. ஆக, சொல்லுக்கு அர்த்தம் செய்கையில்தான் பிறக்கிறது, அதுவும் கட்டளையில். வேதத்துக்கும் உயிர்நாடி 'செய்', 'செய்யாதே' என்ற விதிதான்; மற்றதெல்லாம் அதற்கு ஒத்தாசை.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் நோட்டு முழுக்க விதிதானே! தம்பி வந்ததும் பசுவைக் கொண்டு வா என்பதை ஸ்வாஹிலியில் கேட்டேன். லேதே ஙொம்பே. இந்த 'ங' எனக்குப் பெரிய சந்தோஷம். ஆத்திசூடியில் ஔவையார் ஒரு வரி ஒதுக்கியதோடு சரி, சொல்லின் முதலில் நிற்க நம்மிடம் அதற்கு இடமே இல்லை. இங்கிலீஷ் படித்த பையன்கள் இந்தச் சொல்லில் தடுக்கி விழுவார்களாம். எனக்கு முதல் தரமே வந்தது. ஐம்பது வருஷமாகச் சும்மா இருந்த எழுத்து ஒரு மாட்டுக்காக வேலைக்கு வந்தது.

அந்த மகிழ்ச்சியில் நோட்டை முழுசாக அவனிடம் படித்துக் காட்டினேன். நில். பொறு. எடு. வை. கொண்டு வா. போ. துடை. தூக்கு. அவன் மரியாதையாகக் கேட்டான். பிறகு, "அங்கிள், இது வெள்ளைக்காரர் ஸ்வாஹிலி மாதிரி இருக்கிறது" என்றான்.

கென்யாவில் குடியேறி நிலம் பிடித்த வெள்ளைக்காரர்கள் பேசிய ஸ்வாஹிலிக்கு கிஸெட்லா என்று கேலிப் பெயர் உண்டு. சமையல்காரனையும் தோட்டக்காரனையும் ஏவுவதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. நம்மவர்களையும் இதில் தள்ளிவைக்க முடியாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்த இந்தியர்களில் பலர் கல்லாப்பெட்டிக்கும் சமையலறைக்கும் போதுமான ஸ்வாஹிலியோடு நிறுத்திக்கொண்டார்கள் என்ற மனக்குறை அங்கே உண்டு. 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களைத் தொண்ணூறு நாள் கெடு வைத்துத் துரத்தியதற்கு மொழியைக் காரணம் காட்ட நான் தயாரில்லை. அது ஒரு கொடுங்கோலனின் காரியம். ஆனால் அத்தனை வருஷம் எதிரெதிரே நின்றும், ஒரு தரப்பின் வாயில் மற்றவர் மொழியில் ஏவல் வினை மட்டும் இருந்திருக்குமானால் அதை என்னவென்று சொல்வது? மீமாம்சகர் சொன்ன குழந்தையைக் கட்டளை வளர்த்தது. ஆனால் அந்தக் குழந்தை கட்டளை போடுகிற இடத்தில் இல்லை. மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் நேராகப் பெரியவர் நாற்காலியில் உட்காரப் பார்க்கிறேன். நாலு சொல் கொடுத்து நாலு வேலை வாங்குவது. பெருமாள் சொன்ன அதே கணக்கு.

எங்கள் ஷாப்பில் டர்னர் ஒருவர், ஆவடி சர்ச்சுக்காரர், என்னைவிட இரண்டு வயது பெரியவர். டீ டைமில் நோட்டைப் பார்த்துவிட்டு, "யோவ், அப்போஸ்தலர் நடபடிகள் ரெண்டாம் அதிகாரம் படி. பெந்தெகொஸ்தே அன்னிக்கு எல்லா பாஷையும் ஒரே நாள்ல இறங்குச்சு. நீ என்னடான்னா ரூல் போட்டு எழுதிக்கிட்டிருக்க" என்றார். நானும் சிரித்தேன். அப்புறம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அற்புதம் சீஷர்களுக்கு ஒரு வெட்கத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. இருபதைத் தாண்டிய மனுஷன், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் 'அ'னா 'ஆ'வன்னா எழுதினார். அவர் வந்த நோக்கம் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும். மணலில் உட்கார்ந்த அந்த நேரத்தை யாரும் அவர் கணக்கில் வியாபாரமாக எழுத முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. சொல் கிடைத்த பிறகு அதை வைத்து என்னவும் செய்யலாம். சொல் கிடைக்கிற வரைக்கும் கற்கிறவன் கீழேதான் உட்கார்ந்தாக வேண்டும். என் பிள்ளையைவிடச் சின்னவன் ஒருவன் "இல்லை அங்கிள், இன்னொரு தரம்" என்கிறான். நான் இன்னொரு தரம் சொல்கிறேன். நம்பி மேய்த்த மாட்டில் ஒரு கன்றாவது என் பங்குக்கு வந்திருக்கிறது.

தம்பி நோட்டைத் திருத்திக் கொடுத்தான். 'வெகா' என்றால் வை. முன்னால் ஒரு உகரம் சேர்த்துக் கடைசியைக் கொஞ்சம் மாற்றி 'உவெகே' என்றால் வைக்கலாமே, வையேன் என்கிற இதம். 'தோவா' என்பதும் அப்படியே 'உதோயே' ஆகும். இது சுலபம். சுலபமில்லாதது, எதையும் கேட்பதற்கு முன்னால் விசாரிக்க வேண்டும் என்பது. காலை எப்படி, வீடு எப்படி, வேலை எப்படி என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ந்ஸூரி, நல்லது, என்ற பதில்தான். உடம்பு சரியில்லாதவனும் முதலில் ந்ஸூரி சொல்லிவிட்டுத்தான் காய்ச்சல் என்பானாம். கௌத்ஸர் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்.

நம் ஊரில் இதை அவன் பரீட்சை பண்ணிப் பார்த்திருக்கிறான். வந்த புதிதில் குமணன்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில், மனப்பாடம் செய்த தமிழில், "வணக்கம் அண்ணா, எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறான். மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நிற்க, இவனை மேலும் கீழும் பார்த்தார். "என்ன வேணும்?" பக்கத்தில் நின்றவர் "கடன் கேக்கப் போறான் போல" என்று சொன்னது அவனுக்கு அன்று புரியவில்லை. பின்னால் புரிந்ததாம். இப்போதெல்லாம் நேராக "ஒரு டீ, சக்கரை கம்மி" என்கிறான். நம் ஊரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஷிஃப்டுக்கு ஓடுகிற கூட்டத்தில் மாஸ்டர் யார் வீட்டை விசாரிப்பார்? இருந்தாலும், பேச்சை விசிறிக்கு மட்டுமே கொடுக்கிற பழக்கம் எங்கிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் கப்பல் ஏற வேண்டியதில்லை.

கடைசியாக ஷிகாமூ. தான்சானியாவில் சின்னவர் பெரியவரைப் பார்த்ததும் சொல்ல வேண்டியது. உம் காலைப் பற்றினேன் என்பது அதன் உட்பொருள். பெரியவர் மரஹாபா என்று ஏற்றுக்கொள்வார். வேறு பதில் கிடையாது. இது அடிமைக் காலத்து மிச்சம், வேண்டாம் என்று சொல்கிறவர்களும் அங்கே உண்டு. தான்சானியாவைச் சேர்ந்த ஸான்ஸிபாரில் அடிமைச் சந்தையை மூடியதே 1873-இல்தான்.

ஷிகாமூவின் பொருளைக் கேட்டதும் எனக்குக் கோஷ்டி நினைவு வந்தது. அங்கே நாங்கள் ஒருவரையொருவர் 'அடியேன்' என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். அதுவும் அடிமைச் சொல்தான். ஸ்வாமி என்னைச் சேவித்தால் நானும் அவரைச் சேவிப்பேன். யார் முதலில் விழுவது என்பதில்தான் போட்டி. இரண்டு பக்கமும் சொல்வதால் அந்தச் சொல்லில் விஷம் தங்குவதில்லை. ஷிகாமூ ஒரு பக்கம் போகிற சொல். என் வயசுக்கு அங்கே ஷாப்பில் நான் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டிவராது. எல்லாரும் எனக்குச் சொல்வார்கள். படிக்கப் படிக்கத் தெரிந்தது, நான் படிக்கவேண்டியது ஷிகாமூ அல்ல, மரஹாபா. வணங்குவதைவிட வணக்கத்தை வாங்கிக்கொள்வது கஷ்டம். நம்பியே இதில் திண்டாடியிருக்கிறார். ராமானுஜர் அவர் காலில் விழ வந்தார், குருவாக இரும் என்றார். நம்பி தம் குலத்தைச் சொல்லி விலகிக்கொண்டார். அவர் சாப்பிட்ட சேஷத்துக்கு ராமானுஜர் ஆசைப்பட்டபோது, ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் இலையை எறிந்து இடத்தை மெழுகிவிட்டாள். பெருமாளோடு பேசுகிறவர் என்ற பெயர் அந்த மெழுகலைத் தடுக்கவில்லை.

விலகிக்கொள்ள எனக்கு வழியில்லை. வயசு ஏறித்தான் இருக்கிறது, மெஷினும் எனக்குத்தான் தெரியும். தம்பியிடம், நானும் அவர்களுக்குத் திருப்பி ஷிகாமூ சொன்னால் என்ன என்று கேட்டேன். அது கிண்டலாகப் போய்விடும் என்றான். அவர்கள் ஊர் ஒழுங்கை என் சௌகரியத்துக்கு வளைக்க நான் யார்? சரி, மரஹாபா.

சாப்பாடு ஆனபின் நோட்டைக் கடைசித் தடவை புரட்டிக்கொண்டிருந்த தம்பி, தோவா ம்கோனோ என்ற இடத்தில் நிறுத்தினான். "அங்கிள், இது நீங்கள் அவர்களிடம் சொல்வது. உங்கள் கை உள்ளே இருந்தால்?"

நான் யோசித்ததில்லை. முப்பது வருஷமாக மற்றவர் கையைப் பார்த்தே பழக்கம்.

"இருபது வயசுப் பையன், உங்களை மாதிரி ஒரு ம்ஸேயைப் பார்த்து 'கையை எடு' என்று கத்த மாட்டான். வெட்கப்படுவான்" என்றான். ம்ஸே என்றால் பெரியவர். பிறகு எழுந்து நின்று, தலையைத் தாழ்த்தி, கையைக் கட்டி, அந்தப் பையனாக நடித்துக் காட்டினான். "ஷிகாமூ ம்ஸே. காலை எப்படி இருக்கிறது? வீட்டில் எல்லாரும் நலமா? தாங்கள் தயவுசெய்து..."

"அதுக்குள்ள விரல் போயிருக்கும்டா" என்று என் சம்சாரம் அடுப்பங்கரையிலிருந்து சொன்னாள்.

போனதும் முதல் நாள் வேலை என்னவென்று முடிவாகிவிட்டது. மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, ராமுக்கு அடியில் பிளாக் வைத்து, என் கையை டைக்குள் விடப்போகிறேன். ஒவ்வொருவனாக வந்து என்னைப் பார்த்து, இதமான உகரம் எதுவும் சேர்க்காமல், தோவா ம்கோனோ என்று கத்த வேண்டும். சத்தம் போதவில்லை என்றால் சந்தை முறைதான்: நான் ஒரு தரம், அவர்கள் இரண்டு தரம்.